பத்தாவது மூச்சு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ரத்த அழுத்த மாத்திரை அரையிலிருந்து முழுசாகியிருக்கிறது, மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மண்டியிடுவதைக் குறைத்துக்கொள் என்று போன முறை எழுதினேன். உன் பதிலில் முழங்கால் என்ற சொல்லே இல்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் மடத்தில் பசை என்ற பொருளே கிடையாதா? நீ அங்கே போன நாளிலிருந்து உறையை ஒட்டாமல் மடித்துச் செருகியே அனுப்புகிறாய். எங்கள் தபால்காரர் கடிதத்தை ஒரு கையிலும் உறையை இன்னொரு கையிலும் கொண்டுவந்து கொடுத்த நாளும் உண்டு.

இப்போது விஷயம். எங்கள் உடலியங்கியல் துறையில் தியானம் பற்றிய ஆய்வு ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. தியானம் செய்பவர்களின் மூச்சைப் பலரும் அளந்துவிட்டார்கள். உங்களைப் போல மௌன ஜெபத்தில் உட்காருபவர்களை அளந்தவர்கள் குறைவு. இரண்டும் ஒன்றுதான், பெயர்ப்பலகைதான் வேறு என்பது என் கட்சி. உனக்குத் தெரிந்ததுதான். அதை நிரூபிக்க உன் உதவியையே கேட்கிறேன், என் தைரியத்தைப் பார்.

மார்பில் கட்டும் மெல்லிய பட்டை ஒன்று, கூடவே தீப்பெட்டி அளவு கருவி. ஆளுக்கு இரண்டு நாள், தினம் இருபது நிமிடம். ஒரு நாள் உங்கள் ஜெபம். இன்னொரு நாள், நான் அனுப்பும் அட்டையில் உள்ளபடி மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வரும் தியானம். எந்த நாள் எது என்பதை ஒரு சீட்டில் எழுதித் தனி உறையில் போட்டுவிடுங்கள். அந்த உறையையாவது ஒட்டு. கருவி வரையும் மூச்சுப் படங்களை எது ஜெபம், எது தியானம் என்று நாங்கள் பிரித்த பிறகுதான் அதைத் திறப்போம். பட்டையால் வலியோ கூச்சமோ இருக்காது. முதலில் என் மேலேயே கட்டிக்கொண்டு, ரத்த அழுத்தத்துக்காகத் தினமும் காலையில் செய்யும் தியானத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

பட்டையும் அட்டையும் உள்ள பெட்டியை இதோடு அனுப்புகிறேன். உங்கள் தலைவியிடம் கேட்டு எழுது.

உன்,
சுண்டு

பிப்ரவரி 4

அன்புள்ள சுண்டு,

ஆண்டவர் அருளால் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்கால் பற்றி எழுதாவிட்டால் மறுபடி திட்டுவாய். வீக்கம் குறைந்திருக்கிறது. மாத்திரையை வேளைக்குப் போடு.

மதர் சம்மதித்துவிட்டார். பன்னிரண்டு பேரும் கட்டிக்கொள்கிறோம். சமையல்கட்டு சிஸ்டர் பட்டையைத் தூக்கிப் பார்த்து, “இது என் இடுப்புக்கே பத்தாதே, மார்பை எப்படிச் சுத்தும்? உங்க தங்கச்சி ஒல்லிக் கடவுள்களைத்தான் அளப்பாங்களா?” என்றார். மௌன நேரம் என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இரண்டும் ஒன்று என்கிறாய். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதையே உனக்கும் எழுதுகிறேன். தியானத்தில் இருப்பவர் ஒருவர்தான். அவர் தன் மூச்சைப் பார்க்கிறார், தன் மனத்தைப் பார்க்கிறார், அது அடங்கும்வரை பொறுமையாக இருக்கிறார். நல்ல காரியம், யாருக்கும் கெடுதல் இல்லை. மௌன ஜெபத்தில் இருவர். பேச்சு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் இருவர். மனம் அடங்கினாலும் அடங்காவிட்டாலும் அங்கே கணக்கில்லை. எதிரே இருப்பவர் கணக்கு.

நீ அனுப்பிய அட்டையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அம்மா இறந்த வருடம் எனக்கு ஒன்று அனுப்பினாயே, அதே வாசகம். உனக்கு நினைவிருக்காது.

மதருக்கு எண்பத்தொன்று ஆகிறது. ஜூன் மாதம் புதிய தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். என் பெயரைச் சொல்கிறார்கள். இத்தனை வருடம் பெண்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதுதான் காரணமாம். எனக்காக, உனக்கு வழக்கமில்லைதான், ஒரு நிமிடம் நினைத்துக்கொள்.

என்றும் அன்புடன்,
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மற்றவர்களும் நலமா? பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது.

உட்கார்ந்துகொண்டு படி. நான் தோற்றுவிட்டேன். நான் ஆடிப்போயிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். இரண்டும் ஒன்றில்லை.

எண்ணும் தியானத்தில் மூச்சு அலை அலையாக, ஒரே சீராகப் போகிறது. ஜெபத்தில் அப்படி இல்லை. ஓடுகிறது, தயங்குகிறது, உள்ளே இழுத்த மூச்சு பாதியில் நிற்கிறது, பிறகு விடுபடுகிறது. எங்கள் டெக்னீஷியன் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். எதற்கும் ஆச்சரியப்படாதவர். அவரே திரையைத் தட்டிக்காட்டி, “மேடம், இது தியானமில்ல. இவங்க போன்ல யார் பேசுறதையோ கேட்டுட்டிருக்காங்க. என் சம்சாரம் அவங்க அண்ணன்கிட்ட பேசுறப்போ மூச்சு இப்படித்தான் நிக்கும்” என்றார். அவர் சொன்னது சரி. எதிராளி முடிக்கட்டும் என்று காத்திருப்பவரின் மூச்சு அது. எதிராளி யார் என்று கருவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் பதினொரு பேரின் படங்களைச் சீட்டைத் திறக்காமலே சரியாகப் பிரித்துவிட்டோம்.

பன்னிரண்டாவது ஆள்தான் சிக்கல். நான்காம் எண். இரண்டு நாளும் ஒரே படம். “இவங்க ஒரே படத்தை ரெண்டு ஷோ ஓட்டியிருக்காங்க மேடம்” என்றார் அவர். சீட்டைத் திறந்து பார்த்தால் நான்காம் எண் நீ!

பட்டம் வாங்கியவள், பெண்களுக்குப் பாடம் எடுப்பவள், இரண்டு நாளும் அட்டையையே வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறாயே. பட்டையை மறுபடி அனுப்புகிறேன். ஜெபத்தை மட்டும் திரும்பச் செய். மற்றவர்கள் படத்தைவிட உன் படம்தான் அழகாக வரும் என்று டெக்னீஷியனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

உன்,
சுண்டு

மார்ச் 30

அன்புள்ள சுண்டு,

நலம், நலமறிய அவா. இங்கே மழை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நீ சொன்னபடி மறுபடி செய்துவிட்டேன். பட்டையைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். போன முறை தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். உன் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தபடி, நேராகவே எழுதுகிறேன்.

மறுபடியும் அதே படம்.

மூச்சை எண்ணுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்து முடிந்து ஒன்றுக்குத் திரும்பும்போது தன்னை அறியாமல் கொஞ்சம் ஆழமாக இழுப்பார்கள். பக்கத்தின் கடைசியில் விரலை எச்சில்படுத்தித் திருப்புவது போல. உன் ஜெபத்தில், அக்கா, ஒவ்வொரு பத்தாவது மூச்சுக்குப் பிறகும் அது இருக்கிறது. இருபது நிமிடமும். ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வளவு துல்லியமாக எண்ணும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டு மாதத்துப் பழக்கத்தில் இது வராது. வருடக்கணக்கில் எண்ணினால்தான் வரும்.

டெக்னீஷியனிடம் பட்டை கோளாறு என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பியதாகத் தெரியவில்லை.

நீ ஜெபிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறாய். எப்போதிலிருந்து? அம்மா இறந்த வருடம் நான் அனுப்பிய அட்டையிலிருந்தா? பத்தொன்பது வருடமாகவா? அந்தப் பெண்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டா?

நான் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டதாகவும் நினைக்கவில்லை. நீ அங்கே யாரோடோ இருக்கிறாய் என்பதால்தான் உன்னை இங்கே இல்லாமல் இருக்க விட்டிருந்தேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். இது நம் இருவருக்குள். ஜூன் மாதம் உன்னைத் தேர்ந்தெடுத்தாலும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பதில் எழுது.

உன்,
சுண்டு

மே 2

மதிப்புக்குரிய பேராசிரியைக்கு,

இந்த மடத்தின் தலைவி எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களுக்கு நான் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் முறை, தங்கள் தாயார் மறைந்தபோது.

‘இது நம் இருவருக்குள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், மூவருக்குள். இங்கே வரும் கடிதங்களும் போகும் கடிதங்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எனக்கு முன்பிருந்த தலைவி காலத்திலும் அதுதான் முறை. உறைகளை ஒட்டாததற்கும் அதுவே காரணம். உங்கள் அக்கா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். கேட்டபோது, “சொன்னா அவ மரியாதையா எழுத ஆரம்பிச்சுடுவா மதர்” என்றார்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். என் வயதில் அதிர்ச்சி மெதுவாகத்தான் இறங்குகிறது. பிறகு அவரை அழைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்தார். “மதர், பெண்கள் காத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நல்ல பாடம்.

ஜூன் கூட்டத்தில் எல்லோர் முன்னும் தானே பேசப் போவதாகச் சொல்கிறார். நான் தடுக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் யோசித்தபடி இருக்கிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் தாயாரின் நிலை பற்றி நீங்கள் தந்தி கொடுத்த அன்றே, ரயில் டிக்கெட்டை அவர் கையில் வைத்து, “போய்ட்டு வாம்மா” என்றவள் நான். மறுநாள் காலை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 9

அக்கா,

உங்கள் மதர் இதையும் படிக்கட்டும்.

உன் கடிதங்கள் பிரிக்கப்படும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஏப்ரல் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உன்னை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் டிக்கெட்டா?

விடமாட்டார்கள், மடத்தின் விதி அப்படி என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன். மாமாவிடம் சண்டை போட்டேன், உனக்காக. அம்மா நாலு நாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். “வந்துட்டாளா?” என்று கேட்பாள். “அனுமதி கிடைக்கலம்மா” என்பேன். “பாவம் அவ, அங்க அழுதுட்டிருப்பா” என்பாள். உன்னை நினைத்து அவள் பரிதாபப்பட்டுக்கொண்டே போனாள்.

டிக்கெட் உன் கையில் இருந்ததா?

ஜூன் 16

அன்புள்ள சுண்டு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இந்த உறை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

டிக்கெட் என் கையில் இருந்தது. பெட்டி கட்டிவிட்டேன். கிளம்பும்முன் பத்து நிமிடம் ஜெபத்தில் உட்கார்ந்தேன். அப்போது வந்தது. குரல் இல்லை, நீ நினைப்பது போல எதுவும் இல்லை. ஒரு நிச்சயம். ‘இங்கேயே இரு.’ அதற்கு முன் பதினோரு வருடம் அந்த நிச்சயத்தை நம்பித்தான் வாழ்ந்திருந்தேன். ஒரு தடவையும் அது என்னைக் கைவிட்டதில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள், அம்மா போய்விட்டாள் என்று உன் இரண்டாவது தந்தி வந்தது. அன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. ஆள் காலி செய்த வீடு போல. மறுநாளும் இல்லை. இரண்டு வாரம் கழித்து உன் கடிதத்தோடு அந்த அட்டை வந்தது, ‘மனசு கொதிச்சா இப்படி எண்ணு’ என்று. எண்ணினேன். எண்ணிக்கை என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது கேட்கிறேன், சுண்டு. ‘இங்கேயே இரு’ என்று சொன்னது அவரா, என் பயமா? அம்மாவை அந்த நிலையில் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்துக்கும் தியானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தவள், இதை மட்டும் சொன்னதே இல்லை: ஜெபத்தில் ஏமாற இடம் உண்டு. எதிரே ஒருவர் இருந்தால் அவர் சொன்னதைத் தப்பாகக் கேட்கலாம், அவர் சொல்லாததையும் கேட்கலாம். எண்ணுவதில் அந்த ஆபத்து இல்லை. அதனால்தான் அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், அதை நிறுத்தக்கூட யாரும் எழவில்லை. சமையல்கட்டு சிஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். “பத்தொம்பது வருஷமா? அப்போ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம்?” கோபத்தில் அவர் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்துவிட்டது. தோட்டக்கார சிஸ்டர் என்னிடம் கற்றுக்கொண்டவள், இங்கே எல்லோரையும்விடச் சின்னவள். அவள் எழுந்து, “நீங்க சொல்லித்தந்த மாதிரிதான் உக்காந்தேன். எனக்கு வந்தாரே” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். சுண்டு, என்னை அதிகம் உலுக்கியது அந்தக் கோபம் இல்லை, இதுதான்.

என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. சமையல்கட்டு சிஸ்டர்தான் இப்போது மதர். என்னைப் பாடத்திலிருந்து எடுத்துத் துவைக்கும் அறையில் போட்டிருக்கிறார். நியாயம்தான். அவர் முதல் நாள் போட்ட இரண்டாவது உத்தரவு, இனி கடிதங்களைப் பிரிக்கக் கூடாது. “அடுத்தவங்க குழம்பை மூடி தொறந்து பார்க்குற வேலை எனக்கு வேணாம்” என்றார். பசை டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தவரும் அவர்தான்.

அம்மா என்னைப் பாவம் என்றாளா? அதை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதியது நல்லது.

அக்கா

ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாத்திரை இப்போது இரண்டு வேளை. உன் முழங்காலுக்குத் துவைக்கும் அறை ஈரம் ஆகாது. தரையில் பலகை ஏதாவது போட்டுக்கொள்.

இரண்டு மாதம் எழுதவில்லை. ஜூலையில் ஒன்று எழுதினேன், படிக்கத் தகுந்தது அல்ல, கிழித்துவிட்டேன். அதன் பிறகு எழுதக்கூடாது என்றே இருந்தேன். இன்று எழுதுவதற்குக் காரணம் எங்கள் டெக்னீஷியன்.

கட்டுரைக்காகப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். திடீரென்று, “மேடம், மடத்துல பன்னிரண்டு பேர்னுதானே சொன்னீங்க? இந்தப் பதிமூணாவது சிஸ்டர் யாரு?” என்றார்.

“பதிமூணாவது யாருமில்லையே.”

“இருக்காங்களே. கருவியோட மெமரில தனியா கிடந்தது. மத்த பதினொரு பேரைவிட இவங்களுக்கு ஜெபம் பலமா இருக்கு. மூச்சு எப்படி நிக்குது பாருங்க. பதிலுக்காகத் தவம் கிடக்குறாங்க, பாவம்.”

தேதியைப் பார்த்தேன். ஜனவரி 9. பெட்டியை உனக்கு அனுப்பும் முன், பட்டையைச் சோதிக்க நான் கட்டிக்கொண்டது.

அந்தப் படத்தை முதலிலிருந்து கடைசிவரை நானே பார்த்தேன்.

எனக்குக் கடவுள் இல்லை. இந்தக் கடிதத்தின் முடிவில் மாறிவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. அம்மா இறந்த வருடத்திலிருந்து தினமும் காலையில் இருபது நிமிடம் தியானம் செய்கிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்றுவரை எண்ணுவேன். பிறகு மனம் அலைகிறது என்று பெயர் வைத்திருந்தேன். அது அலையவில்லை அக்கா. ஒரே இடத்துக்குத்தான் போகிறது. அந்த இருபது நிமிடமும் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேச்சு என்ன பேச்சு, சண்டை. ‘நீ ஏன் வரலை?’ என்று கேட்கிறேன். நிறுத்துகிறேன். நீ ஒன்றும் சொல்வதில்லை. மறுபடி கேட்கிறேன். மடத்தின் விதி என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் மனதுக்குள் அதை நம்பவே இல்லை போலிருக்கிறது.

பதில் வராத ஒருவரிடம் பத்தொன்பது வருடம் தினமும் பேசியிருக்கிறேன். நீ எண்ணியிருக்கிறாய். இந்த ஆய்வை எந்த முகத்தோடு எழுதுவேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பதிமூன்றாவது சிஸ்டர் யாரென்று அவருக்குத் தெரியாது.

உன்,
சுண்டு

செப்டம்பர் 5

அன்புள்ள சுண்டு,

நலம். பலகை போட்டுவிட்டேன். புதிய மதர் உன் கடிதத்தைப் பிரிக்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து, “என்ன, தங்கச்சி மறுபடி அளந்துட்டாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரே விரிப்பை மூன்று முறை அலசினேன். இத்தனை வருடமாக எனக்கு எதிரே யாரும் இல்லை என்று உட்கார்ந்திருந்தேனே, அந்த நேரமெல்லாம் ஒருத்தி எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளா?

இன்று காலை வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். ஆறில் நின்றுவிட்டது. அதைத் தாண்டி ஏழு வரவில்லை. நீ அடுத்து என்ன கேட்பாய் என்று காத்திருந்திருக்கிறேன். மணி அடித்த பிறகுதான் தெரிந்தது.

கடிதத்தில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கே பார்வையாளர் அறை ஒன்று இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நடுவே கம்பி கிடையாது. நேரில் வந்து கேள். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கேள். என்ன சொல்வேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் எழுந்து போக மாட்டேன்.

பட்டையைக் கொண்டுவராதே.

காலை ரயிலில் வந்தால் பத்து மணிக்கு இங்கே இருப்பாய். எந்தச் சனிக்கிழமை என்று எழுத வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா